கலைச்சொல்லும் உழைப்பும்: ஒட்டுநாடாப் பண்புப்பெயர்களும் மலையகத் தமிழும்

1

தமிழிற் கலைச்சொல்லாக்கம் பற்றி நடைபெற்றுவந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே சென்றுள்ளன. வடசொல்லா தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்னும் வினாக்களே திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றன. இவை பயனற்ற வினாக்கள் என்று நாம் கூறவில்லை. ஆயினும் இவற்றுக்கு முற்பட்ட வினா ஒன்று உண்டு. ஒரு பொருளின் பண்பை முதலில் அறிபவர் யார், அப்பண்புக்குப் பெயரிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அது. சொல்லின் வடிவத்தை ஆராயும் புலமை, சொல்லைப் பிறப்பிக்கும் உழைப்பை ஆராயாது விடுமாயின், அப்புலமை எத்துணை நுட்பமுடையதாயினும் அரைப்புலமையே ஆகும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு மிக எளிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையிலும் அலுவலகத்திலும் மருந்தகத்திலும் நாள்தோறும் கையாளப்படுவதும், பேச்சுவழக்கில் ‘டேப்’ என்றும் எழுத்துவழக்கில் ‘ஒட்டுநாடா’ என்றும் பெயர் பெறுவதுமான பொருளே அது. நீரோ வெப்பமோ கரைப்பானோ வேண்டாது, விரலின் மெல்லிய அழுத்தம் ஒன்றினாலேயே ஒட்டிக்கொள்ளும் நாடாக்களை ஏனைய ஒட்டுநாடாக்களிலிருந்து பிரித்துக்காட்ட ‘அழுத்தவொட்டு நாடா’ எனலாம்.

இப்பொருளைத் தெரிவு செய்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சங்க இலக்கியத்திலோ நிகண்டுகளிலோ இதற்கு முன்னோடி இல்லை. ஆகவே பழஞ்சொல் ஒன்றைத் தேடியெடுத்து ஒட்டவைத்துவிட்டுச் சொல்லாக்கம் முடிந்ததென்று எவரும் அமைதி கொள்ள இயலாது. இரண்டாவது, இந்நாடாவின் ஒட்டுந்தன்மையின் வரலாறு நமது நாட்டுப் பெருந்தோட்டங்களுடன் நேரடியான தொடர்புடையது. நாடாவிலிருந்து ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் பாதை முதற் பார்வையில் தோன்றுவது போன்று அத்துணைத் தொலைவானதன்று.

2

அழுத்தவொட்டு நாடாவின் பண்புகள் யாவை? நாடா பரப்பொன்றைத் தொட்ட கணத்திலேயே பிடித்துக்கொள்வது ஒரு பண்பு. ஒட்டியபின் அதனை உரித்தெடுக்க வேண்டிய விசை மற்றொரு பண்பு. பாரம் தொங்கவிடப்பட்ட நிலையில் நழுவாது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மூன்றாவது. பசை தனக்குள்ளே பிளந்துபோகாது ஒன்றாய் நிற்கும் உள்வலிமை நான்காவது. இவை நான்கும் வேறு வேறானவை. தொட்டவுடன் நன்றாகப் பிடிக்கும் நாடா பாரந்தாங்காது நழுவக்கூடும். நன்றாகத் தாங்கும் நாடா விரலழுத்தத்துக்கு எளிதில் இணங்காதிருக்கக்கூடும். உரிக்கும்போது பரப்பிலே பசைக்கறையை விட்டுச்செல்லும் நாடாவின் குறை, பரப்புடன் ஒட்டாமையன்று. பெரும்பாலும் பசை தன்னுள் வலிமை குன்றியிருத்தலே ஆகும். எனவே ‘நன்றாக ஒட்டும்’, ‘நன்றாக ஒட்டாது’ என்னும் இரு தொடர்களைக் கொண்டு இப்பொருளைப் பற்றிப் பயனுள்ள முறையில் எதுவும் கூறிவிட முடியாது.

இப்பண்புகளை அளப்பதற்குக் கருவிகள் உள. சாய்ந்த தடம் ஒன்றிலிருந்து உருக்குக் குண்டினைப் பசைப்பரப்பின் மீது உருட்டிவிட்டு, அது எவ்வளவு தூரம் சென்று நிற்கிறது என அளப்பர். நாடாவை 180 பாகை கோணத்தில் மடக்கி உரித்து விசையைக் கணிப்பர். பாரத்தைத் தொங்கவிட்டு, அது விழும்வரை நேரத்தைக் குறிப்பர். ஆனால் இக்கருவிகள் யாவற்றுக்கும் முற்பட்ட கருவி பெருவிரலே. பசையின் மீது பெருவிரலை மெல்ல வைத்தெடுத்து அதன் பிடியை மதிப்பிடுதல் இன்றும் தொழிலிடங்களில் வழக்கிலுள்ள சோதனையாகும். எண் பின்னால் வந்தது. விரல் முன்னால் வந்தது.

ஆங்கிலத்தில் இத்துறைச் சொற்கள் பிறந்த விதமும் இவ்வுண்மையையே காட்டுகிறது. 1925 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் மோட்டார் வண்டிகளுக்கு இருவண்ணப் பூச்சிடும் தொழிலாளருக்கென மறைப்பு நாடாவையும், 1930 இல் ஒளி ஊடுருவும் செலுலோசு நாடாவையும் உருவாக்கினார். முதல் நாடாவின் ஓரங்களில் மாத்திரமே பசை பூசப்பட்டிருந்ததைக் கண்டு சினந்த பூச்சுத் தொழிலாளி ஒருவர், முதலாளிமாரின் கஞ்சத்தனத்தை ஸ்கொட்லாந்தியர் மீது ஆங்கிலேயர் ஏற்றிக் கூறும் வசையினால் எள்ளினார் என்றும், அதுவே ‘ஸ்கொச்’ என்னும் வணிகப்பெயராயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அதன் அமைப்பு கவனத்துக்குரியது. குறையைக் கண்டவன் தொழிலாளி. பெயரைச் சூட்டியவனும் அவனே. அப்பெயரின் உடைமையாளராக ஆனவரோ உற்பத்தியாளர்.

1953 இல் அமெரிக்க நாடா உற்பத்தியாளர் தமக்கென மன்றம் ஒன்றை நிறுவி, சோதனை முறைகளையும் சொற்களையும் ஒழுங்குபடுத்தினர். அம்மன்றத்தின் சொற்பட்டியலை நோக்கின், அது தொழிற்கூடப் பேச்சினால் நிறைந்திருப்பதைக் காணலாம். சுருளின் சுற்றுக்கள் பக்கவாட்டில் நழுவித் துருத்திக்கொண்டு நிற்பதற்குத் தொலைநோக்கிக் குழாயின் பெயர். ஒட்டிய நாடாவின் நுனி எழும்பி நிற்பதற்குக் கொடியின் பெயர். பசையிடையே காற்றுக் குமிழி விட்ட வட்டத் தழும்புக்கு மீன்கண்ணின் பெயர். இவற்றுள் எதுவும் கிரேக்க மூலத்தையோ இலத்தீன் மூலத்தையோ தேடிச் சென்ற பண்டிதரின் ஆக்கமன்று. கண்ணாற் கண்டு கையாற் பிடித்தவரின் உவமைகளை நியமக்குழு பின்னர் வரையறுத்து ஏற்றுக்கொண்டது. மேலைநாட்டு விஞ்ஞானச் சொல்லாக்கம் முழுவதும் இத்தகையது என்பது நம் வாதமன்று. கைத்தொழிற் சொற்களைப் பொறுத்தவரை, வழக்கு முன்னும் வரையறை பின்னும் நிற்பதே இயல்பு என்பதே வாதம்.

3

தமிழில் நிலைமை வேறு. கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதில் ஐயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். 1916 இல் சேலத்திலே இராஜகோபாலாச்சாரியார் முதலியோரின் முயற்சியால் தமிழ்ச் சாத்திரச் சொற்களுக்கெனக் கழகம் ஒன்று தோன்றியது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொற்களைத் தொகுத்தது. இலங்கையில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இம்முயற்சிகள் இல்லாதிருப்பின் நம் நாட்டிற் பல்கலைக்கழக வாயில்வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலாததாகியிருக்கும். இச்சாதனையைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் நமக்கில்லை.

ஆயின் இம்முயற்சிகளின் பொதுத்தன்மை ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இவை யாவும் பாடசாலையை நோக்கியவை. தொழிலிடத்தை நோக்கியவை அல்ல. இவற்றின் தொடக்கப்புள்ளி ஆங்கிலச் சொல்லாகவே இருந்தது, பொருளாக இருக்கவில்லை. தமிழகத்துத் தனித்தமிழ் நெறியும், இலங்கைச் சொற்றொகுதிகளில் மிகுந்து காணப்படும் வடமொழி தழுவிய நெறியும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டபோதிலும், சொல்லிலிருந்து சொல்லுக்குச் செல்லும் இப்பயணத்தில் இரண்டும் ஒரே வண்டியிலேயே ஏறியிருந்தன. அவ்வண்டியில் தொழிலாளிக்கு இடம் இருக்கவில்லை.

ஒட்டுநாடாவை இந்நெறியிற் பெயர்க்க முற்படுபவருக்கு நேர்வது யாது? ‘ஒட்டு’ என்னும் ஒரே வேர் எல்லாப் பண்புகளையும் விழுங்கிவிடுகிறது. ஒட்டல், ஒட்டுந்திறன், ஒட்டுவிசை, ஒட்டுவலிமை, ஒட்டுந்தன்மை என்று ஈறுகள் மாறுகின்றன, பொருள்வேறுபாடு பிறப்பதில்லை. தொட்டவுடன் பிடித்தலா, உரிக்கும்போது எதிர்த்தலா, பாரத்தைத் தாங்குதலா என்பதை அச்சொற்களைப் படிப்பவர் உய்த்துணர வழியில்லை. அவற்றின் பொருளை அறிய அவர் மீண்டும் ஆங்கிலத்துக்கே செல்லல் வேண்டும். தன் பொருளைப் பிறமொழியில் அடகுவைத்திருக்கும் சொல்லைக் கலைச்சொல் என்று எவ்வாறு கொள்வது?

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. திரவங்களின் உள்ளுராய்வைக் குறிக்க இலங்கைப் பௌதிகநூல்கள் வழங்கும் ‘பிசுக்குமை’ என்னும் சொல் அத்தகையது. எண்ணெய்ப் பாத்திரத்திலும் சீவாத தலையிலும் பிசுக்கை அறிந்த எவருக்கும் அச்சொல்லின் வாயில் திறந்தே இருக்கிறது. வழக்குச்சொல்லை எடுத்து, ஈறு ஒன்றினால் வரையறுத்து, விஞ்ஞானத்துக்கு உரியதாக்கிய செயல் அது. இச்செயல் விதியாக வளராது விதிவிலக்காகவே நின்றுவிட்டமை ஆராயத்தக்கது.

பண்டை இலக்கணம் இவ்விடயத்தில் நம்மிலும் தாராளமானது. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, வட்டார வழக்குக்கும் இடமளித்தது. பண்பின் நுண்வேறுபாடுகளைக் கருதி உரியியல் என்னும் தனி இயலையே அமைத்தது. செய்யுள் ஏற்றுக்கொண்ட திசைச்சொல்லைச் சொற்றொகுதி ஏற்றுக்கொள்ளத் தயங்குவதேன்? தயக்கம் இலக்கணத்தின்பாற்பட்டதன்று. அது வர்க்கத்தின்பாற்பட்டது.

4

மலையகத்துக்கு வருவோம். அழுத்தவொட்டு நாடாவின் பசை நெடுங்காலம் இயற்கை இறப்பரையும் பிசின்களையும் கலந்து செய்யப்பட்டது. அக்கிரிலிக்குப் பசைகளும் செயற்கை இறப்பர்களும் பெருகிவிட்ட இக்காலத்திலும் மறைப்பு நாடா முதலியவற்றில் இயற்கை இறப்பருக்கு இடமுண்டு. இலங்கை உற்பத்தி செய்யும் வெளிறிய கிரேப் இறப்பர் ஒட்டுபசைகளுக்கும் மருத்துவப் பிளாஸ்டர்களுக்கும் ஏற்றதென உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, அவ்வாண்டிலேயே நாற்றுக்களாக இலங்கையின் ஹெனரத்கொடைப் பூங்காவை அடைந்தன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் அம்மரங்களிற் பால் வெட்டியவர்களுள், நுவரெலியாவிலும் ஹற்றனிலும் கொழுந்து கிள்ளியவர்களின் உறவினரும் இருந்தனர். தேயிலை மலைக்கும் இறப்பர்ச் சரிவுக்குமிடையே உயரம் வேறுபடுகிறது. கப்பலேறி வந்து கங்காணியின் கீழ் வேலை செய்த வரலாறு வேறுபடவில்லை.

வெட்டிய மரப்பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்து எஞ்சும் இறப்பர்ப்பாலுக்குத் தொழிலாளர் இட்ட பெயர் ‘ஒட்டுப்பால்’. இச்சொல் கேரளத்து இறப்பர்த் தோட்டங்களிலும் வழங்குகிறது. சிறு ஒலிமாற்றத்துடன் சிங்களத் தொழில்வழக்கிலும் புகுந்துள்ளது. எந்தக் குழுவும் இச்சொல்லை ஆக்கவில்லை; எந்தக் குழுவினாலும் இதனிலும் சிறந்த சொல்லை ஆக்கிவிட முடியாது. நாடாவின் பசைக்கு மூலப்பொருளை அளித்த கைகளே, ஒட்டுதல் என்னும் பண்பைக் கொண்டு பொருளுக்குப் பெயரிட்ட முறையும் இதனுள் இருக்கிறது.

தேயிலை மலைகளிலோ இத்தகைய சொற்கள் ஒரு முழுத் தொகுதியாகவே அமைந்துள்ளன. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிக அளவிற் பயிரிட்ட காலந்தொட்டு வளர்ந்த அத்தொகுதியை மூவகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதல்வகை, தொழிற்செயலையும் பொருட்பண்பையும் குறிப்பவை. கொழுந்து, கவ்வாத்து, கான்வெட்டு, முள்ளுக்குத்து, மட்டக்கம்பு போன்றவை இவை. செடியின் மேற்பரப்பைச் சமனாகப் பேணுவதற்காக அதன்மேல் வைத்துப் பார்க்கும் கோலுக்கு ‘மட்டக்கம்பு’ என்னும் பெயரினும் தெளிவான பெயர் வேறென்ன வேண்டும்? உருட்டிய கொழுந்தைச் சலிக்கும்போது பிரியும் பகுதிகளை இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளின் ஆங்கில ஏடுகளே முதலாம் ‘தூள்’, இரண்டாம் ‘தூள்’ என்றுதான் குறிக்கின்றன. தமிழருக்கு விளக்கம் வேண்டாத சொல் அது. அரும்பு உறங்கிக் கிடக்கும் தளிரைக் குறிக்க உலகத் தேயிலை விஞ்ஞானம் வழங்கும் ‘பஞ்சி’ என்னும் சொல்லும், வட இந்திய மொழிகளில் மலட்டுத்தன்மையைச் சுட்டும் சொல்லினின்று தோட்டவழக்கின் வழியே வந்ததாகும். ஆங்கிலத் துரைமாரின் விஞ்ஞானம் தொழிலாளரின் சொல்லை ஏற்க நாணவில்லை. நமது தமிழ்ப் புலமையே நாணியது.

இவ்வகைச் சொற்களுக்குப் பின்னால் நிற்கும் அறிவையும் கவனித்தல் வேண்டும். கொழுந்து போதிய அளவு வாடிவிட்டதா என்பதை அறிய, ஒரு பிடி கொழுந்தைக் கையில் இறுக்கிப் பந்தாக்கிக் கையை விரித்துப் பார்ப்பர். பந்து உடனே சிதறிவிடின் வாட்டம் போதாது. அழுத்தத்தின் கீழ் ஒன்றுசேர்ந்து, அழுத்தம் நீங்கியபின்னும் சேர்ந்து நிற்கும் தன்மையைக் கையால் அளக்கும் முறை இது. நாடாவின் பசையைப் பெருவிரலால் மதிப்பிடும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஒன்று நியம நூலில் இடம்பெற்றது. மற்றொன்று ‘பழக்கம்’ என்று தள்ளப்பட்டது. நூற்சொல் வழுவும் இடங்களும் உண்டு. உருட்டிய கொழுந்து நிறம் மாறும் நிலையை ஆங்கில வணிகவழக்கைப் பின்பற்றி ‘நொதித்தல்’ என நூல்கள் எழுதிவந்துள்ளன. மதுவுக்கும் தோசைமாவுக்கும் உரிய அச்செயல் இங்கு நிகழ்வதில்லை. நிகழ்வது நொதியங்களால் விளையும் ஒட்சியேற்றமே. ஆங்கிலத்தின் வழுவையும் பத்திரமாக மொழிபெயர்த்துக் கொள்வதற்குப் பெயர் விஞ்ஞானமன்று.

இரண்டாம் வகை, பிறமொழிச் சொற்களைத் தன்வயமாக்கியவை. காலைநேரத்து ஆட்கணக்கெடுப்பு ‘பெரட்டு’ ஆயிற்று. ஒப்பந்த வேலை ‘கொந்தரப்பு’ ஆயிற்று. வரிசைக் குடியிருப்பு ‘லயம்’ ஆயிற்று. போர்த்துக்கேயச் சொல்லொன்று ‘காம்பரா’ ஆகி, குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் ‘பிள்ளைக் காம்பரா’ ஆயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், வேற்றொலிகளைத் தமிழின் நாவுக்கு இணங்க வைத்த இத்திறன், ஒலிபெயர்ப்புக் குறித்து நாம் நடத்திய நெடிய விவாதங்களுக்கு நடைமுறை விடையாக அமைகிறது.

மூன்றாம் வகை, அதிகாரத்தையும் சுரண்டலையும் பதிந்து வைத்திருப்பவை. ‘பேர்’ என்பது ஒருநாட் கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதனின் பெயரே அவன் உழைப்பின் அலகாகச் சுருங்கி, பின் பாதியாகவும் வெட்டப்படும் இச்சொல்லிலுள்ள கொடுமையை எந்தப் பொருளியல் நூல் இவ்வளவு சுருக்கமாகக் கூறியுள்ளது? ‘துண்டு’ என்பது, தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. சீட்டு ஒழிந்தது, மக்களின் நினைவில் அச்சொல் ஒழிந்ததில்லை.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய சொல் ஒன்றும் இவ்வகையில் உண்டு. ‘பற்று’ என்பது ஒட்டுதலையும் குறிக்கும், உலோகத் துண்டுகளை இணைக்கும் பொடியும் பற்றே, அன்பும் பற்றே, கணக்கேட்டில் எழுதப்படும் கடனும் பற்றே. பெரிய கங்காணியின் ஏட்டிற் பற்று ஏறிய குடும்பம் அத்தோட்டத்தோடு ஒட்டப்பட்ட குடும்பமாயிற்று. குறியானது வர்க்கங்கள் மோதும் களம் என 1929 இல் வொலோஷினோவ் எடுத்துரைத்த கருத்துக்கு இதனினும் சிறந்த சான்றினை நாம் தேடவேண்டியதில்லை.

5

மலையக மக்களின் மொழி நெடுங்காலம் மொழியாகவே மதிக்கப்படவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்னும் வசைச்சொல்லை வடக்கிலும் தலைநகரிலும் வாழ்ந்த தமிழ் மத்தியதர வகுப்பினர் கூச்சமின்றி வழங்கினர். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுவழக்கைக் கையாண்ட எழுத்து ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதர் சிலராற் பழிக்கப்பட்டது. முற்போக்கு எழுத்தாளரும் விமர்சகரும் அப்பழிப்புக்குத் தக்க விடையிறுத்தனர். அப்போரில் வெற்றி யாருடையது என்பதைப் பின்னர் வந்த படைப்புக்களே தீர்மானித்தன.

அவ்வெற்றியில் மலையகத்தின் பங்கு பெரிது. ஹற்றனைத் தளமாகக் கொண்டு 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளர் விளங்கும் மொழியிற் பிரசுரங்களையும் பாடல்களையும் பரப்பினர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983 இல் நூலாக்கினார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ முதலிய படைப்புக்கள் மலைகளின் வாழ்வையும் வழக்கையும் அச்சேற்றின. இராமையாவின் தலைப்பே ஒரு தொழில் அளவை என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் இவ்வெற்றி பாதி வெற்றியே. தோட்டச் சொல் கதையில் ஏற்கப்பட்டது, பாடநூலில் ஏற்கப்படவில்லை. உரையாடலில், மண்வாசனை என்னும் பெயரில், அதற்கு இடம் கிடைத்தது. வரையறையில், அறிவு என்னும் பெயரில், அதற்கு இடம் கிடைக்கவில்லை. விமர்சகர்களாகிய நாமும் அச்சொற்களை ‘யதார்த்தத்துக்கு மெருகூட்டுவன’ என்று பாராட்டி அமைந்தோம். தொழிலாளியை உணர்ச்சியின் உரிமையாளனாக ஒப்புக்கொண்டு, அறிவின் உரிமையாளனாக ஒப்புக்கொள்ள மறுப்பதும் வர்க்கப் பார்வையே. படைப்பிலக்கியத்தில் தோற்கடிக்கப்பட்ட ‘இழிசனர் வழக்கு’க் கோட்பாடு, கலைச்சொல்லாக்கத்தில் எவராலும் எதிர்க்கப்படாது ஆட்சி செலுத்தி வருகிறது.

6

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறத்தக்கவை சில உண்டு. தோட்டச் சொல் ஓரிடத்துக்கு உரியது. தமிழகம், ஈழம், மலேசியா எங்கும் பொதுவாக வழங்கத்தக்க சொல்லே வேண்டும் என்பர். ஒருமைப்பாடு வேண்டியதே. ஆனால் பௌதிகம், இயற்பியல் எனத் துறையின் பெயரையே ஒருமைப்படுத்த இயலாத கற்றோர், தொழிலாளியின் சொல்லை மாத்திரம் ஒருமையின்மைக்காகத் தண்டித்தல் முறையன்று. வழக்குச்சொல்லில் வரையறை இல்லை என்றும் கூறுவர். வரையறையைச் சொல் தன்னுடன் கொண்டு பிறப்பதில்லை. பயன்பாடும் உடன்பாடும் அதனை அளிக்கின்றன. மீன்கண் என்பதற்கு நியமக்குழு வரையறை அளிக்கலாமாயின், ஒட்டுப்பாலுக்கு அளிக்க முடியாதா?

இதன் மறுதலையாக, தோட்டச் சொல் யாவற்றையும் புனிதப்படுத்தும் மயக்கத்தையும் நாம் ஏற்கவில்லை. பேரும் அரைப்பேரும் தொழிலாளரின் சொற்கள் என்பதற்காக அவை என்றும் வாழவேண்டியவை ஆகா. அவை சுட்டும் உறவு ஒழிதல் வேண்டும். சொல் வரலாற்றுக்குச் செல்லல் வேண்டும். துரை என்னும் சொல்லை 1970களின் தேசிய மயமும் அகற்றவில்லை, 1992 இல் தனியார் நிருவாகம் மீண்டதும் அகற்றவில்லை. முதலிரு வகைச் சொற்களை நாம் தேர்ந்து வளர்த்தல் வேண்டும். மூன்றாம் வகையை ஆவணப்படுத்திக் கடத்தல் வேண்டும். இத்தேர்வு மொழியியல் தேர்வு மாத்திரமன்று, அரசியற் தேர்வுமாகும்.

இந்நெறியில் ஒட்டுநாடாவுக்குத் திரும்பின் யாது செய்யலாம்? கையின் மொழியிலிருந்து ‘பிடி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தொட்டவுடன் பிடிக்கும் பண்பு ‘தொடுபிடி’. உரிப்பை எதிர்க்கும் பண்பு ‘உரிபிடி’. பாரத்தில் நழுவாப் பண்பு ‘தாங்குபிடி’. பசையின் உள்வலிமைக்குப் பௌதிகநூல்களில் ஏலவே வழங்கும் ‘பிணைவு’ போதும். அதனைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நாடா விட்டுச்செல்வது ‘பசைக்கறை’. சுருள் துருத்துவது ‘சுருள்நழுவல்’. நுனி கிளம்புவது ‘நுனியெழும்பல்’. மூன்று பிடிகளும் வினைத்தொகையாய் அமைந்து, காலங்காட்டாது இயல்பைக் காட்டுகின்றன. ஒன்றையொன்று வேறுபடுத்தியும் நிற்கின்றன. ‘தொடுபிடி மிகுந்த நாடா தாங்குபிடியிற் குறையலாம்’ என்னும் வாக்கியத்தை, பொதி கட்டும் தொழிலாளி ஒருவர் அகராதியின்றி விளங்கிக்கொள்வார். அவர் ஏற்கமாட்டாராயின் நம் சொற்களே மாறவேண்டும். ஆகவே இவற்றை முடிந்த முடிபாகவன்றி, தொழிலிடத்தில் சோதிக்கப்படவேண்டிய முன்மொழிவாகவே வைக்கின்றோம்.

7

இவையனைத்தும் சொல்லாராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அவர்தம் மொழியை அரச கருமங்களுக்குப் புறம்பாக்கியது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது; 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமைக்கு வழி செய்தது. இம்மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறாண்டு நிறைந்தமை 2023 இல் நினைவுகூரப்பட்டபோது, ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயர் அவர்களே தெரிந்தெடுத்த பெயராக ஒலித்தது. தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்ளும் உரிமைக்கு இத்துணைக் காலம் போராடிய சமூகம், தன் கையிலுள்ள பொருளுக்குப் பெயரிடும் உரிமையையும் கோரும், கோரவேண்டும்.

இதிற் பணயமாக இருப்பது உயிரும் கூலியுமே. மலையில் மருந்து தெளிப்பவரின் கலனில் எச்சரிக்கையைத் தாங்கி ஒட்டப்பட்டிருக்கும் தாளும் அழுத்தவொட்டுப் பொருள்களுள் ஒன்றே. அத்தாள் கலனில் ஒட்டினால் மாத்திரம் போதாது. அதிலுள்ள சொல் படிப்பவரின் அறிவில் ஒட்டுதல் வேண்டும். சட்டம் அளித்த தமிழ், விளங்காத தமிழாக வந்து சேருமாயின், உரிமை காகிதத்திலும் ஆபத்து உடலிலும் தங்கிவிடும்.

ஆகவே பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் செய்யவேண்டியது தெளிவு. தேயிலை மலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் வழங்கும் தொழிற்சொற்களை, அவற்றின் செயன்முறை விளக்கத்துடன், தொழிலாளரையே ஆசிரியராகக் கொண்டு தொகுத்தல் வேண்டும். கொழுந்தைக் கையிற் பந்தாக்கி வாட்டம் அறிந்தவர்களின் தலைமுறை கருவிகளுக்கு இடம்விட்டு மறைந்து வருகிறது, காலதாமதத்துக்கு இடமில்லை. பேராதனையின் நூலக மேசையிலிருந்து நோக்கினால் தேயிலை மலைகள் தென்படும். அங்கே நிகண்டில் இல்லாத சொற்கள் நாள்தோறும் கொழுந்துடன் நிறுக்கப்படுகின்றன. அவற்றை ஏட்டிற் பதியும் கணக்கு இதுகாறும் துரைத்தனத்தின் கையிலேயே இருந்தது. இனி அதனை உழைப்பவரும் அவர்தம் பக்கம் நிற்கும் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து எழுதுதல் வேண்டும்.